ஐப்பசி மழைக்கு முன் கரையில் எதை நடுவது? வேதாரண்யத்திலிருந்து ஓர் ஒப்பீடு

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததுமே எங்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பிவிடும். இந்த மழைக்குக் கரையில் என்ன நடலாம்? டீக்கடையில் ஒருவர் சவுக்கு என்பார். பள்ளிக்கூடத்து சார் உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம் என்பார். கூட்டத்தில் யாராவது எழுந்து, அதெல்லாம் எதற்கு, கலெக்டரிடம் மனு கொடுத்துக் கல்லைக் கொட்டச் சொல்லுங்கள் என்பார். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்து நிற்பவர்கள் இருபது பேர். கையில் இருக்கும் பணமும் கொஞ்சம். மழையோ வருஷத்துக்கு ஒரு முறை. எல்லாவற்றையும் செய்ய முடியாது, எதையாவது தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் கரையை வைத்து எழுதுகிறேன். ஆனால் கடலோரத்தில் சின்ன ஊரில் இருக்கும் யாருக்கும் இதில் பாதியாவது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

வேதாரண்யத்தை வரைபடத்தில் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கி வரும் கடற்கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. திரும்புவதற்கு முன்னால் வங்கக் கடல். அங்கே அலையும் மணலும் மணல்மேடும். திரும்பிய பிறகு பாக் நீரிணை. அங்கே அமைதியான தண்ணீர், சேறு, உப்புச் சதுப்பு, அப்படியே மேற்கே போனால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே நாளில் போய்வரும் தூரத்துக்குள் இரண்டு வெவ்வேறு கடற்கரைகள் இருக்கின்றன. எங்கள் கூட்டங்களில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி, ஒருவர் மணலை மனதில் வைத்தும் இன்னொருவர் சேற்றை மனதில் வைத்தும் பேசியதால் வந்தவை.

முதலில் சவுக்கை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதற்குத்தான் ஊரில் ஓட்டு அதிகம்.

சவுக்கைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கே மனம் வராது. வேதாரண்யத்துக்கு வடக்கே நாலுவேதபதி இருக்கிறது. 2002இல் அந்த ஊர் மக்கள் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். அதில் சவுக்கும் நிறைய. இரண்டே வருஷத்தில், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கொடிய நாளில் நாலுவேதபதியில் உயிர்ச்சேதம் குறைவு. காடு காப்பாற்றியது என்று ஊர் சொன்னது, உலகமே வந்து பார்த்தது. அதற்குப் பிறகு இந்தக் கடலோரம் முழுக்கச் சவுக்குத் தோப்புகள் எழுந்தன.

மரம் அலையைத் தடுத்ததா என்பது பற்றி அறிஞர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. அது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து, மரம் இருந்த இடத்தில் சாவு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை மறுபடி கணக்குப் போட்டார்கள். குடியிருப்பு கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பவைதான் பெரும்பங்கு வகித்தன, மரத்தின் பங்கு மிகச் சிறியது என்றார்கள். இரண்டையும் படித்துவிட்டு நான் எடுத்துக்கொண்டது இதுதான்: மேடு முக்கியம். அந்த மேட்டைக் கலைத்துவிட்டு மரம் நட்டால் அது நஷ்டக் கணக்கு. சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் சில இடங்களில் அதைத்தான் செய்தார்கள். மணல்மேட்டைச் சமப்படுத்திவிட்டு, நூல் பிடித்தாற்போல் வரிசையாகச் சவுக்கு நட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அப்புறம் கஜா வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல் அது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் காலையில் சவுக்குத் தோப்புகள் சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்தும் முறிந்தும் கிடந்தன. தென்னை விழுந்தது, மா விழுந்தது. கடல் சேற்றைக் கொண்டுவந்து கரையில் தள்ளிவிட்டுப் போனது. அந்த ஒரு இரவு, எங்கள் பக்கம் மரத்தைப் பற்றி இருந்த நம்பிக்கைகளையெல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டது.

சவுக்குக்கு நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். உப்புக் காற்றைத் தாங்கும். வெறும் மணலிலும் வேர்முடிச்சுகளின் உதவியால் தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். நான்கைந்து வருஷத்தில் வெட்டி விற்கலாம். பந்தல் கால், விறகு, காகித ஆலை என்று எப்போதும் கிராக்கி உண்டு. பணம் கொடுக்கும் மரத்தை ஏழை ஊர் விரும்புவதில் தப்பே இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கரையில் விறகுக்காகப் பரப்பப்பட்ட வெளிநாட்டு மரம் இது. இதன் சருகு கெட்டியான மெத்தையாக விழுந்து, கீழே வேறு கொடியோ புல்லோ தலையெடுக்க விடாது. வெட்டிய பிறகு அந்த இடம் மொட்டை மணலாக நிற்கும், காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். கடல் விளிம்பு வரை நட்டுவிட்டால் ஆமைக்கும் இடமில்லை. ஆலிவ் ரிட்லி என்கிற பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை எங்கள் கரையேறி முட்டையிடும். அதற்குத் திறந்த மணல் வேண்டும். வேர் பின்னிக் கிடக்கும் நிழலான தோப்பில் அது குழி தோண்டாது. ஆமை முட்டையை எடுத்துப் பொரிக்க வைக்க வனத்துறை கோடியக்கரையில் பொரிப்பகம் நடத்துகிறது. அதே கடலோரத்தில் ஆமை ஏறும் மணலை நாமே மூடிக்கொண்டு வருவது எனக்கு வலிக்கிறது.

என் தீர்ப்பு: சவுக்கு வேண்டும், ஆனால் முன்வரிசையில் வேண்டாம். மணல்மேட்டுக்குப் பின்னால், பட்டா நிலத்தில், வியாபாரப் பயிராக இருக்கட்டும். எங்கள் இருபது பேரின் உழைப்பு அதற்குத் தேவையில்லை. லாபம் இருப்பதால் அதை நடுகிறவர்கள் நடுவார்கள்.

கல்லைப் பற்றி நீட்டிப் பேசப்போவதில்லை. நம் கிழக்குக் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. நடுவில் ஏதாவது நீட்டிக்கொண்டு நின்றால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1989இல் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு ஊருக்கு முன்னால் இருந்த மணற்கரை போய், கல் குவியல்தான் மிஞ்சியது. அந்தக் கல்லுக்கு வடக்கே அடுத்த ஊர், அதற்கு ஒரு கல், அதற்கும் வடக்கே இன்னொரு ஊர் என்று அது போய்க்கொண்டே இருந்தது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "தம்பி, நம்ம வாசல்ல நீ கல்லப் போட்டா கடல் சும்மா திரும்பிப் போகாது. பக்கத்து ஊர் வாசல்ல போய் நிக்கும். அங்கயும் நமக்குச் சொந்தக்காரங்கதான் இருக்காங்க."

கடல் வீட்டுச் சுவரை இடிக்கும் ஊர்களுக்குக் கல் தேவைப்படலாம். உயிர் போகும் இடத்தில் நின்று நான் தத்துவம் பேச மாட்டேன். தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரைக்குமான கரைக்கோட்டை ஆராய்ந்தபோது தமிழகக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகக் கண்டது. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கோடியக்கரை முனையே காலம் காலமாக மணல் சேர்ந்து சேர்ந்து உருவானது. மணல் வந்து சேரும் இடத்தில் கோடிக்கணக்கில் செலவழித்துக் கல் கொட்டக் கேட்பது, நோய் இல்லாத பிள்ளைக்கு மருந்து வாங்குகிற கதை. அதோடு, மணல்மேடும் ஆமை ஏறும் கரையும் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. அங்கே கல்லைக் கொட்டுவது மனு போட்டு முடிகிற காரியமும் இல்லை.

சரி, அலையாத்திக்கு வருவோம். இங்கேதான் நாங்கள் ஒருமுறை நன்றாக அடிபட்டோம்.

சில வருஷங்களுக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஓர் அமைப்பு வந்தது. லாரியில் நாற்று, தொப்பி, பனியன், மதியச் சாப்பாடு எல்லாம் கொண்டுவந்தார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு போய்க் குனிந்து குனிந்து நட்டோம். நட்ட இடம் கிழக்குக் கரை. வங்கக் கடல் நேராக வந்து மோதும் மணல். அங்கே ஏன் ஒரு அலையாத்திகூட இயற்கையாக முளைத்ததில்லை என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாடைக் காற்றில் கடல் எழும்பியதும் நாற்றெல்லாம் பையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. தை மாதம் போய்ப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் பைகளைத்தான் பொறுக்கிக்கொண்டு வந்தோம். அன்று என்னோடு நட்ட பள்ளிப் பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்த நடவுக்கும் வரவில்லை. செத்த நாற்றைவிட அந்த நஷ்டம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அலையாத்திக்கு வேண்டியது சேறு, அமைதியான தண்ணீர், கொஞ்சம் நல்ல தண்ணீர் கலப்பு, ஏற்றத்திலும் வற்றத்திலும் ஏறி இறங்கும் கடல். முத்துப்பேட்டையில் இது எல்லாமே இருக்கிறது. காவிரியின் கடைசிக் கிளைகளான கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு, கந்தன்குறிச்சானாறு எல்லாம் அந்தக் காயலில்தான் போய் விழுகின்றன. தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு அங்கே இருப்பதற்குக் காரணம் அதுதான், யாரும் நட்டதால் வந்தது இல்லை. கஜாவில் அதுவும் மோசமாக அடி வாங்கியது. ஆனாலும் அந்த மரங்கள் நிற்கும் சேற்றில்தான் இறாலும் நண்டும் மடவையும் குஞ்சாக வளர்ந்து கடலுக்கு வருகின்றன. மீன்பிடிக்கிற ஊருக்கு அது ஒரு தொட்டில் மாதிரி.

அங்கே காடு அழிந்த திட்டுகளும் உண்டு. அவற்றில் நாற்றை நட்டால் வளருமா என்றால், பெரும்பாலும் வளராது. காரணம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பழைய காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டை அடித்து விறகாக்கினார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து அமிழ்ந்தது, நிலம் தட்டு மாதிரி குழிந்தது. பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே தேங்கி, வற்றி, உப்பாக மிஞ்சியது. நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது, அதனால் தண்ணீர் தானாக வெகுதூரம் போய் வராது. அந்த உப்புத் தட்டில் எந்த விதையும் பிழைக்காது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் உள்ளூர் மக்களோடும் சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்த வேலை இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரி சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். கடல்நீர் தினமும் உள்ளே போய் வெளியே வந்தது, தேங்கிய உப்பு கரைந்து போனது. வாய்க்கால் கரைச் சரிவில், தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போகும் மட்டத்தில் நட்டார்கள். நட்டதும் வளர்ந்தது, மிதந்து வந்த விதைகளும் தாமாக ஒதுங்கி முளைத்தன.

அப்படியானால் தெற்குக் கரைக்குச் சரியான கேள்வி எத்தனை ஆயிரம் நாற்று என்பது இல்லை. தண்ணீருக்கு வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்பதுதான். அது எங்கள் குழுவின் கைக்கு அடங்கும் வேலையா? பாதி அடங்கும். அந்த நிலம் பெரும்பாலும் வனத்துறையுடையது, அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்ணைக்கூடப் புரட்டக் கூடாது. புதிதாக வாய்க்கால் வெட்டுவது பெரிய செலவு, திட்டமாக வர வேண்டியது. ஆனால் ஏற்கனவே வெட்டியவை இரண்டு மூன்று வருஷத்தில் தூர்ந்துவிடும். வனத்துறையோடு பேசி, கோடையில் தூர்வாரும் வேலைக்கு ஆள் கொடுப்பதை ஒரு குழு செய்யலாம். சேற்றில் இடுப்பளவு நின்று செய்யும் வேலை அது, புகைப்படத்துக்கு அழகாக இருக்காது. ஆனால் அன்று நாங்கள் நட்ட அத்தனை நாற்றைவிடவும் அந்த ஒரு வாய்க்கால் அதிக மரத்தை வளர்க்கும்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான தேர்வு. இதற்கு ஊரில் ஓட்டே கிடையாது. அடும்பும் இராவணன் மீசையும்.

அடும்பங்கொடியை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மணலில் படர்ந்து கிடக்கும், இலை மானின் குளம்பு மாதிரி நடுவில் பிளந்திருக்கும், காலையில் ஊதா நிறத்தில் பூக்கும். நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் இதை விடாமல் பாடியிருக்கிறார்கள். இராவணன் மீசை அதன் பக்கத்திலேயே விறைப்பாக, ஊசி மாதிரி நிற்கும் புல். அதன் காய்ந்த முள்ளுருண்டை காற்றில் உருண்டு ஓட, பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். இந்த இரண்டும் செய்வது ஒரே வேலைதான். காற்றில் பறந்து வரும் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் மூடினால் கொடி அதற்கு மேல் ஏறிக் கணுவுக்குக் கணு புதிதாக வேர் விடும். மறுபடி மணல் சேரும், மறுபடி ஏறும். மணல்மேடு உண்டாவது இப்படித்தான். வேறு எந்த மரமும் செய்யாத வேலை இது. கடல் பெரிதாக வந்து மேட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போனாலும், கொடி இருந்தால் அடுத்த கோடைக்குள் மேடு மறுபடி எழத் தொடங்கும். கல் சுவரில் ஒரு கல் நகர்ந்தால் அதைத் தூக்கி வைக்க இயந்திரம் வர வேண்டும்.

மேட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் பக்கத்து மக்களிடம் முதலில் சொல்ல வேண்டியதே அதைத்தான். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நிலத்தடி நீர்க் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு உப்புத் தண்ணீரை அமுக்கி வைத்திருக்கும். மேட்டை வெட்டி மணல் அள்ளினால் அந்த ஓரடி போகும், அதோடு அந்த 40 அடியும் போகும். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கம் மணலில் முல்லை பூப்பதும் மா காய்ப்பதும் மணலுக்குள் நிற்கும் இந்த நல்ல தண்ணீரால்தான். சுனாமிக்குப் பிறகு கிணறெல்லாம் உப்பாகிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

செலவு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நன்றாகப் படர்ந்த இடத்திலிருந்து, ஒரே இடத்தில் மொட்டையடிக்காமல், அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை வெட்டி, மழை பிடிக்கும் நேரத்தில் கணு மண்ணுக்குள் போகும்படி புதைத்தால் போதும். உண்மையான செலவு வேலிக்குத்தான். ஆடும் மாடும் மனிதரும் டிராக்டரும் முதல் ஒரு வருஷம் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பனை மட்டையையோ, கஜாவில் விழுந்து இன்னும் கிடக்கும் சவுக்குக் கம்பையோ வைத்து இடுப்பளவு படல் கட்டினால், அதுவே மணலையும் பிடிக்கும்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். சுனாமி மாதிரி ஒன்று வந்தால் கொடி நிறுத்தாது, மேடு ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். விறகு கிடையாது, விற்பனை கிடையாது. காட்டுவதற்கு மரம் இல்லாததால் நன்கொடை கேட்பதும் கஷ்டம். வந்து பார்க்கும் அதிகாரி, எங்கே நட்டீர்கள் என்று கேட்பார், அவர் அதன்மேலேதான் நின்றுகொண்டிருப்பார். அப்புறம் கடற்கரையைச் சுத்தம் செய்ய வரும் நல்லவர்களே இதைக் களை என்று நினைத்து வாரி எறிந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்குங்கள், வாரியலோ டிராக்டரோ போடாதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடிக்குள் சிக்கிக் கிடக்கும் அறுந்த நைலான் வலையைக் கத்தியால் அறுத்து எடுக்கப் பொறுமை வேண்டும், அதற்கு எங்கள் வலை பின்னும் அண்ணன்மாரைவிடக் கைதேர்ந்தவர்கள் கிடையாது.

பனையை இதோடு சேர்த்தே பார்க்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் இடம் வேறு, போட்டி இல்லை. மேட்டின் உள்பக்கம், அலை எட்டாத இடம் பனையுடையது. கஜாவில் தென்னையும் சவுக்கும் விழுந்து கிடந்த அதே இடத்தில் பனை நின்றது. எங்கள் ஊரில் அதைப் பார்க்காத கண்ணே இல்லை. தென்னை மாதிரி பரந்த தலை இல்லை, விறைத்த சிறிய தலை. கீழே நார் நாராக ஏராளமான வேர். ஆவணியில் பனம்பழம் விழும்போது கொட்டையைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்துவிட்டால் வேலை முடிந்தது. தண்ணீர் ஊற்றக்கூட வேண்டாம். தமிழக அரசும் 2021 முதல் பனை விதைகளைக் கொடுத்து ஊக்குவிக்கிறது, கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் உத்தரவு இருக்கிறது.

பனையின் கஷ்டம் காலம்தான். பாளை விட 12 முதல் 15 வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இன்று நடும் நாற்பது வயதுக்காரர் பதநீர் குடிக்க ஐம்பத்தைந்து ஆகிவிடும். ஆண் பனையா பெண் பனையா என்பதும் அப்போதுதான் தெரியும். இன்னொரு சின்ன ஆபத்து எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. புதைத்த கொட்டை மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு விடும், பொங்கல் நேரத்தில் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். அதனால் கிழங்குக்கென்று தனியாக ஒரு பாத்தி போட்டுக் கொடுத்துவிடுவதுதான் வழி. அதைத் தோண்டித் தின்னட்டும், கரையில் இருப்பது வடலியாகட்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு எதை எதோடு ஒப்பிடுவது என்பதில் எனக்கு ஒரு அளவுகோல்தான் முக்கியமாகப் படுகிறது. இரண்டாவது வருஷம் யார் பார்த்துக்கொள்வார்கள்? நடவு நாள் கூட்டத்துக்கு எப்போதும் ஆள் வரும். அடுத்த சித்திரை வெயிலில் படல் சாய்ந்து கிடக்கும்போது யார் நிமிர்த்துவார்கள்? இந்தக் கேள்வியைப் போட்டால் கல் முதலில் விழுந்துவிடுகிறது, ஏனென்றால் அதைப் பராமரிக்க ஊரால் முடியாது. நர்சரியிலிருந்து லாரியில் வரும் அலையாத்தி நாற்று அடுத்து விழுகிறது. சவுக்கு தண்ணீர் ஊற்றும் முதல் இரண்டு கோடைகளைத் தாண்டினால் நிற்கும். அடும்புக்கும் பனைக்கும் காவல் மட்டும் போதும்.

காவல் என்று வந்துவிட்டால் மீனவப் பஞ்சாயத்தைத் தாண்டி எதுவும் நடக்காது, நடக்கவும் கூடாது. கரையை நாம் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறோம், அவர்கள் தினமும் வாழ்கிறார்கள். ஃபைபர் படகை இழுத்து ஏற்ற வழி வேண்டும், வலையை விரிக்க இடம் வேண்டும், பெண்களுக்குக் கருவாடு காயவைக்க வெயில் படும் மணல் வேண்டும். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை கோடியக்கரைக்கு வெளியூர்ப் படகுகளும் வந்து தங்கும். அந்த இடத்தில் போய் வேலி போட்டால் ஒரே இரவில் பிடுங்கி எறிவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

ஆக, இந்த வருஷத்துக்கு எங்கள் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் யோசனை இப்படி. கிழக்குக் கரையில் படகு ஏறாத, மீன் காயாத, மேடு அறுந்து கிடக்கும் ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். நூறு மீட்டர் நீளம் போதும். கடல் பக்கம் கொஞ்ச தூரத்தை ஆமைக்காக வெறும் மணலாக விட்டுவிடுவோம். அதற்குப் பின்னால் அடும்பும் இராவணன் மீசையும், மேட்டுக்கு உள்பக்கம் பனை, இடையில் தாழையும் புன்னையும் கிடைத்த அளவுக்கு. தெற்கே சேற்றுப் பக்கம் இந்த மழைக்கு ஒரு நாற்றும் நட வேண்டாம். வனத்துறை அலுவலகத்தில் போய், எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, கோடைக்கு ஆள் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். சவுக்கு வேண்டும் என்பவர்களோடு சண்டை வேண்டாம். மேட்டை மட்டும் சமப்படுத்தாதீர்கள், முன்வரிசைக்கு வராதீர்கள் என்று கேட்டுக்கொள்வோம்.

கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். நூறு மீட்டர்தானா என்பார்கள். ஆமாம், நூறு மீட்டர்தான். அடுத்த ஆவணியில் அது உயிரோடு இருந்தால் இன்னொரு நூறு. செத்துப்போயிருந்தால் ஏன் என்று அந்த நூறிலேயே தெரிந்துவிடும், பத்தாயிரம் நாற்றின் பைகளைப் பொறுக்க வேண்டியிருக்காது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி வேண்டாம். இருபது கம்பும் ஒரு சுருள் கயிறும் எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்குப் படகு கரைக்கு வரும் நேரத்தில் போகிறோம். எந்த வழியாக இழுக்கிறார்கள், எங்கே வலை விரிக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களையே கேட்டு, அந்த இடங்களுக்கு வெளியே முதல் கம்பை நடுகிறோம். கொடி வெட்டுவது அதற்கு அடுத்த வாரம்.